மேல் ஒரு சாண் சேறு

தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் குன்று வெட்டும் கம்பெனியின் ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த அறிக்கையிலிருந்து ஒரு வாக்கியத்தைப் படித்தார். மலாயில்தான் படித்தார். முதல் பாதியிலேயே அது எனக்குத் தெரிந்த வாக்கியமாகப் பட்டது. இரண்டாம் பாதியில் சந்தேகமே இல்லை. மேற்குக் காற்று வலுத்த காலங்களில் இந்தப் பகுதி பெருமழையையும் பலத்த காற்றையும் இயல்பாகவே பலமுறை கண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அதை எழுதியவள் நான். ஜார்ஜ்டவுனில் என் ஃபிளாட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ‘இயல்பாகவே’ என்ற சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, போட்டது.

அவர் படித்து முடித்துத் தலையை நிமிர்த்தினார். ஆகவே உங்கள் வீடுகளுக்குள் சேறு வந்தது இயற்கையின் செயல், இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். எனக்குப் பக்கத்தில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் நகக்கண்களில் செம்மண் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

நான் அப்போது ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். ஏரியடிச் சேற்றைப் படிப்பது என் வேலை. உறவுக்காரர்கள் யாராவது கேட்டால் மண் பரிசோதனை என்று சொல்லி முடித்துவிடுவேன். உள்ளபடி சொன்னால் சிரிப்பார்கள். ஒரு ஏரியின் அடியில் வருஷா வருஷம் தூசி, இலை, மகரந்தம், கரித்துகள் எல்லாம் படிந்துகொண்டே போகும். குழாயை இறக்கி அந்தச் சேற்றைக் கலையாமல் எடுத்தால், மேலே இருப்பது நேற்று, கீழே போகப் போகப் பழங்காலம். எங்கள் பக்கத்தில் கடல் மேற்கே இருக்கிறது, கரையோரம் கண்டல் காடு. மேற்குக் காற்று வலுத்த காலங்களில் கண்டல் மகரந்தம் உள்நாடு வரை வந்து ஏரியில் விழுந்திருக்கும். கிழக்கிலிருந்து வறண்ட காற்று நீண்டு வீசிய காலங்களில் காட்டுத்தீயின் கரி அதிகமாகக் கிடைக்கும். இப்படி மைக்ராஸ்கோப்பில் துகளை எண்ணி எண்ணி, எழுத்தில் எவனும் குறித்து வைக்காத காற்றை நாங்கள் கண்டுபிடிப்போம். எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் பின்னால் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அந்த ஏரியைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். தாசேக் கெலுகோரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கும் ஒரு சின்னக் குன்றுக்கும் நடுவில் கிடந்தது. ஏரி என்று சொன்னால் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பெரிய குளம் அளவுதான். அதன் ஓரத்திலிருக்கும் தாமானில் அக்கா குடும்பம் வீடு வாங்கியிருந்தது. ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் அதைப் பார்ப்பேன். யாரும் வெட்டியதில்லை, தானாக உண்டான பள்ளம். பெரிய ஆறு எதுவும் உள்ளே வரவில்லை. இப்படி ஒரு ஏரி கிடைப்பது அபூர்வம் என்று எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்து, நல்ல கண் உங்களுக்கு என்றார். அவரும் தமிழர்தான். பதினோரு வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அவரிடமிருந்து ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை.

இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்டு, அதன் மேல் நின்று குழாயை இறக்கினோம். அந்த வேலையில் கஷ்டமான பகுதி மேல்சேறுதான். கஞ்சி மாதிரி தளதளவென்று இருக்கும், குழாய் சாய்ந்தால் கலங்கிவிடும். நான் சூலியா தெருப் பக்கம் ஒரு சீனர் பூக்கடையில், பூங்கொத்து குத்தி வைக்கும் பச்சைப் பஞ்சு வாங்கி வைத்திருந்தேன். தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு, அந்தப் பஞ்சைச் சேற்றின் தலையில் வைத்து மூடினோம். குழாயைப் படுக்கவே விடவில்லை. வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்தபடியே பாலத்தைக் கடந்து தீவுக்கு வந்தேன்.

மறுநாள் குழாயை நெடுக வகுந்து பார்த்தோம். கீழே முழுக்கக் கறுப்பும் பழுப்புமான இலைச்சேறு. மேலே ஒரு சாண் மட்டும் செக்கச்செவேல். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

“மேல பாருங்கம்மா, அப்படியே படிஞ்சபடி வந்திருக்கு. குன்னு வெட்ட ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இந்தச் செவப்பு,” என்றார்.

இதை அவர் வாயால்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்களுக்கும் அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டி விளக்கினார்.

குன்றின் மறுபக்கத்தை அதற்குச் சில வருஷங்கள் முன்பே வெட்டத் தொடங்கியிருந்தார்கள். மண்ணுக்காக. புக்கிட் தெங்கா பக்கம் தொழிற்சாலை கட்டும் தாழ்ந்த நிலங்களைத் தூர்க்க அந்த மண் போயிற்று. காலையிலிருந்து லோரி லோரியாக இறங்கிப் போகும், வழியில் சிந்தும் மண்ணை மழை அடித்து ஏரிக்குக் கொண்டுவரும். அக்காவின் கணவரான அத்தான் வேலை செய்த தொழிற்சாலையின் புதுக் கட்டடம்கூட அப்படித் தூர்த்த நிலத்தில்தான் எழும்பியது. நம்ம வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றின் மேல்தான் இப்போது நின்று வேலை செய்கிறேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்போது எல்லாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு வெட்டு, ஏரியும் தாமானும் இருந்த எங்கள் பக்கச் சரிவுக்கும் வந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் விடியற்காலையில் மேற்கிலிருந்து பலத்த காற்றோடு மழை அடித்தது. அந்த மாதங்களில் அப்படி அடிப்பது வழக்கம்தான். அக்கா போன் செய்தபோது அழவில்லை. வீட்டுக்குள்ள குன்னு வந்துடுச்சு, நீ வா என்று மட்டும் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பறையில் கணுக்காலுக்கு மேல் சேறு. புதிதாகச் சாயம் அடித்த சுவரில் சிவப்புக் கோடு. பண்டிகைக்குச் சுட்டு அடுக்கி வைத்திருந்த முறுக்கு டின்கள் சமையலறையில் மிதந்துவந்து கதவு மூலையில் ஒதுங்கியிருந்தன. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவும் அவர் கணவரும் தங்கள் வீட்டை விட்டுவிட்டு, அக்கா வீட்டு மெத்தையை வெளியே தூக்க உதவிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். காலில் பட்டதுமே அது என்ன என்று தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த அதே மண். நைசாக, மாவு மாதிரி, விரலில் ஒட்டினால் போகாது.

அதற்குப் பிறகு மாவட்ட அலுவலகம் சொல்லி, கம்பெனி குடியிருப்பாளர்களைக் கூப்பிட்டுப் பேசியது. அதுதான் நான் முதலில் சொன்ன மண்டபக் கூட்டம்.

கூட்டம் முடிந்ததும் அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கி, வாசலில் நின்றபடியே புரட்டினேன். எங்கள் வரைபடங்கள், எங்கள் படங்கள். ஆலோசகர் என்ற இடத்தில் பேராசிரியரின் பெயர். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு கம்பெனிக்குப் போயிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. வரைபடம் கறுப்புச் சேற்றில் தொடங்கியது. சிவப்பே இல்லை. அடியில் பொடி எழுத்தில், மேல்பகுதி சேகரிக்கும்போது கலைந்துவிட்டதால் சேர்க்கப்படவில்லை என்றிருந்தது.

முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். கலைந்துவிட்டதாம்.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. மேல்பகுதி கலையவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கம்பெனி கேட்டது பழங்காலக் காற்றையும் மழையையும் பற்றித்தான், அண்மைக்கால மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டதற்குப் பதில் கொடுத்தேன் என்றார். அவர் குரல் எப்போதும்போல மென்மையாகவே இருந்தது. ஏதோ எனக்கு உடம்பு சரியில்லாததுபோல அந்தக் குரலில் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சார், எங்க அக்கா வீட்டுக்குள்ள இருக்குற மண்ணும் அந்த ஒரு சாண் மண்ணும் ஒண்ணுதான். உங்களுக்கும் தெரியும்.”

“தெரியும்மா. நாம பொய் ஒண்ணும் எழுதலையே. கொஞ்சம் விட்டுட்டோம், அவ்வளவுதான்.”

“கலைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் ஒப்பந்தம் இந்த வருஷக் கடைசியில் புதுப்பிக்க வருகிறது, இந்த நேரத்தில் இதெல்லாம் வேண்டாமே என்று அதே மென்மையான குரலில் சொன்னார். மிரட்டல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் கதவைச் சாத்தாமல் வெளியே வந்தேன்.

உண்மையில் என்னை எரித்தது இன்னொன்று. விட்டது போகட்டும், சேர்த்த கீழ்ப்பகுதியைக்கூட அவர்கள் புரட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கறுப்புச் சேற்றில் மேற்குக் காற்று வெறிகொண்டு வீசிய காலங்கள் இருந்தன. அக்கா வீட்டில் அன்று அடித்ததைவிடப் பலமாகவே வீசியிருக்கும். கண்டல் மகரந்தம் அள்ளிக் கொட்டியிருந்தது. ஆனால் அந்தப் படிவங்களில் செம்மண் ஒரு துளி இல்லை. காற்று அடித்தது, மழை கொட்டியது, குன்று இறங்கி வரவில்லை. காடு அதைப் பிடித்து வைத்திருந்தது. கம்பெனி தனக்குச் சாட்சியாகக் கொண்டுவந்த காலம் முழுக்க அதற்கு எதிரான சாட்சி. என் வாக்கியத்தை வைத்தே என் அக்கா வாயை அடைத்தார்கள். நான் அதற்கு அடுத்து எழுதியிருந்த வாக்கியம் இதுதான், அதை வெட்டிவிட்டார்கள்.

ஆய்வுக்கூடக் குளிரறையில் அந்தச் சேற்றின் பாதி பத்திரமாக இருந்தது. ஆனால் அது பல்கலைக்கழகத்தின் பொருள். அதைத் தொட்டால் திருட்டு என்பார்கள், பேச்சு அந்தத் திருட்டைப் பற்றியே போய்விடும். ஏரி அங்கேயேதான் இருக்கிறது, இன்னொரு முறை எடுத்தால் போயிற்று என்று தோன்றியது. இரும்புக் கடையில் ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயும், இரண்டு ரப்பர் மூடியும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தாமான்காரர்களை ஏரிக்கரைக்கு வரச் சொன்னேன்.

மீன்பிடிக்கிற ஒருவர் தன் படகைக் கொடுத்தார். அத்தான் படகைப் பிடித்துக்கொள்ள, நான் குழாயை நேராக இறக்கி அழுத்தினேன். சேறு முன்பைவிட மேலே வந்திருந்தது, தண்ணீர் மார்பளவுகூட இல்லை. மேல் மூடியைப் போட்டு இறுக்கி, மெதுவாக இழுத்து, அடியைக் கையால் பொத்தி, அடிமூடியைப் போட்டேன். கரைக்கு வந்து சட்டையால் குழாயைத் துடைத்ததும் கூட்டம் நெருங்கி வந்தது. நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே கறுப்பு. மேலே சிவப்பு, இப்போது ஒரு முழத்துக்குக் கிட்ட. எதிர்வீட்டு மக்சிக் விரலை அந்தக் கோட்டில் வைத்து, பிறகு சிவப்பின் மேல் நெடுகத் தடவி, இதுதான் அந்தக் குன்று என்று மலாயில் சொன்னார். அத்தான் இப்போது சிரிக்கவில்லை. வெட்டுப்பட்ட சரிவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்து, நீ இத்தனை வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் குழாயை வாங்கித் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து தலைமை தாங்கினார். கம்பெனி ஆளோடு பேராசிரியரும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார், எங்கோ கல்யாண வீட்டில் பார்த்ததுபோல. நான் குழாயைக் காரில் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் மேசையில் நிறுத்தினேன். பேச எழுந்தபோது மலாய்ச் சொற்கள் வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு மொழி போய்விடும். முதல் சில வரிகளை உளறினேன். பிறகு அக்கா வீட்டுச் சுவரில் இருந்த கோடு ஞாபகம் வந்தது, வாய் சரியாகிவிட்டது.

கம்பெனி படித்த வாக்கியம் நான் எழுதியது என்றேன். அதற்கு அடுத்த வாக்கியத்தையும் சொன்னேன். கறுப்புச் சேற்றைக் காட்டி, இதில் புயல் இருக்கிறது, குன்று இல்லை என்றேன். சிவப்பைக் காட்டி, இதில் குன்று இருக்கிறது என்றேன். இயற்கையின் செயல் என்று இனி யாரும் என் வாக்கியத்தைக் காட்டிச் சொல்லக் கூடாது என்றபோது என் குரல் மண்டபத்தில் மோதித் திரும்பியது. அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனி ஆள் உடனே எழுந்தார். இது எந்த ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது, இந்தப் பெண்மணி யார் சார்பில் வந்திருக்கிறார், ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து சர்க்கஸ் காட்டுகிறார் என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பேராசிரியரிடம் திரும்பினார். உங்கள் மாதிரியில் மேல்பகுதி கலைந்திருந்ததா, இல்லையா என்று நேராகக் கேட்டார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல், இல்லை என்ற ஒரு சொல் போதும். பதினோரு வருஷ மரியாதையையும் அந்த ஒரு சொல்லுக்காகத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பலவிதமாகப் பொருள் கொள்ள இடமிருக்கிறது என்றார்.

பின்வரிசையிலிருந்து அத்தான் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். “டாக்டர், எங்க வீட்டுக்கு வாங்க. எத்தனை விதமா பொருள் வருதுன்னு வந்து பாருங்க,” என்று தமிழில் சொன்னார். பேராசிரியருக்கு மட்டும் புரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

அதிகாரி மறுஆய்வு முடியும்வரை வேலையை நிறுத்தச் சொன்னார். மக்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. பேராசிரியர் கைப்பையை எடுத்துக்கொண்டு, வழியில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஒதுங்கி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பண்பு.

நிறுத்தம் சில மாதங்கள் நீடித்தது. பிறகு வேறொரு கம்பெனியின் பெயர்ப்பலகை வந்தது, அதே லோரிகள் வந்தன. இந்த முறை குன்றின் அடியில் சேறு தேங்க ஒரு குட்டை வெட்டி, சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கச் சரிவை மட்டும் தொடவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது. வீடுகளுக்கு யாரும் எதுவும் தரவில்லை. அக்கா வாசலில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டாள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட வேண்டும். வயதானவர்கள் யாராவது தடுக்கினால் அக்கா கம்பெனியைத் திட்டுவாள், மழையைத் திட்டமாட்டாள்.

வருஷக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. இப்போது மாக் மண்டினில் ஒரு தனியார் கூடத்தில், தொழிற்சாலைகள் வெளியேற்றும் தண்ணீரைப் பரிசோதிக்கிறேன். நல்ல வேலைதான். ஆனால் அதில் பழங்காலம் இல்லை, காற்று இல்லை. இன்று காலை பாட்டிலில் வந்தது, மாலை முடிவு.

பேராசிரியர் ஒரு முறை போன் செய்தார். ஏரி ஆராய்ச்சி கட்டுரையாக வரப்போகிறது, உங்கள் உழைப்பு நிறைய இருக்கிறது, உங்கள் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன் என்றார். மேல்பகுதி இருக்கிறதா என்று கேட்டேன். கட்டுரை பழங்காலக் காற்றைப் பற்றித்தானே என்றார். அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார். எனக்கு அவசரம் என்றேன். எடுத்துவிட்டார். அதற்கும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக எடுக்கக்கூடியதாக இருந்திருக்கிறதே என்று.

கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று அக்கா சொன்னாள். ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. மண்டபத்தில் நான் குழாயோடு நின்றதை யாரோ படமெடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்கள். சிலர் பாராட்டிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். போன வாரம் பேசிய பெண் பாராட்டவில்லை.

“அக்கா, எங்க வீட்டுப் பின்னால இருக்குற குளமும் செவப்பா ஆயிக்கிட்டு வருது. மழைதான் காரணம்னு சொல்றாங்க.”

“எந்தப் பக்கம் வெட்டுறாங்க?” என்று கேட்டேன்.